விருப்பம் யாருடையது? திருப்பூர் வட்டார இளங்கலை ஆங்கில இலக்கியப் படிப்பின் விதிகளும் வழிகாட்டலும்

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் இளங்கலை ஆங்கில இலக்கியம் பயில்வோரில் கணிசமானோர் தமிழ்வழியில் பள்ளிக் கல்வி முடித்த முதல் தலைமுறைப் பட்டதாரிகள். இவர்கள் எந்தெந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் பெறவேண்டும் என்பதைப் பல்கலைக்கழக விதியேடு துல்லியமாக வரையறுக்கிறது. எதை ஏன் தெரிவுசெய்ய வேண்டும், தெரிவின் விளைவு என்ன என்பவற்றை எடுத்துரைக்கும் பொறுப்பை அவ்வேடு எவரிடமும் ஒப்படைக்கவில்லை. பாரதியார் பல்கலைக்கழக இணைவுபெற்ற கல்லூரிகளின் நடைமுறையைத் திருப்பூர் மாநகரின் மண்ணரைப் பகுதிச் சூழலில் வைத்து இக்கட்டுரை திறனாய்கிறது. விருப்பத் தெரிவு என்னும் பெயரில் இயங்கும் முறையில் தெரிவுசெய்பவர் மாணவர் அல்லர் என்பதும், வழிகாட்டல் சேர்க்கை வாயிலோடு நின்றுவிடுவதால் மாணவர் இழப்பவை அளவிடத்தக்கவை என்பதும் இதன் வாதங்கள்.

திறவுச்சொற்கள்: ஆங்கில இலக்கியம், இளங்கலைப் பாடத்திட்டம், விருப்பப்பாடம், கல்விசார் வழிகாட்டல், தமிழ்வழிக் கல்வி, திருப்பூர், மண்ணரை.

1. முன்னுரை

நொய்யலாற்றங்கரையில் ஊத்துக்குளி சாலையை ஒட்டி அமைந்த மண்ணரை, ஊராட்சியாக இருந்து திருப்பூர் மாநகராட்சியோடு 2011 இல் இணைக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. பின்னலாடைத் தொழிலின் விரிவோடு வளர்ந்த இத்தகைய பகுதிகளில் ஆங்கிலம் இரண்டு உருவங்களில் வாழ்கிறது. ஒன்று, பனியன் கம்பெனியின் ஆர்டர் தாளிலும் அளவுச் சீட்டிலும் பையிங் ஆபீஸின் மின்னஞ்சலிலும் வரும் தொழில் ஆங்கிலம். மற்றொன்று, மேல்நிலைப் பள்ளித் தேர்வில் மதிப்பெண்ணாகவும் கல்லூரியில் பட்டமாகவும் வரும் பாட ஆங்கிலம். தையல் எந்திரத்திலும் செக்கிங் மேசையிலும் ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் பெற்றோர் தம் பிள்ளையை ஆங்கில இலக்கியத்தில் சேர்க்கும்போது, இவ்விரு உருவங்களும் ஒன்றே என்னும் நம்பிக்கையில் சேர்க்கின்றனர். கல்லூரிக்குள் நுழைந்தபின் அவை வேறு வேறு எனத் தெரியவருகிறது. இந்த வேறுபாட்டைச் சேர்க்கைக்கு முன்போ பின்போ விளக்கிச் சொல்வது எவருடைய பணி என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா.

இந்தியாவில் ஆங்கில இலக்கியக் கல்வி குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் பாடப்பொருளை மையமிட்டவை. கௌரி விசுவநாதனின் 1989 ஆம் ஆண்டு நூல் முதலாக, அப்பாடம் காலனிய ஆட்சியின் கருவியாக உருவான வரலாறு விரிவாகப் பேசப்பட்டுள்ளது. எந்த நூலைப் பாடமாக வைப்பது என்னும் விவாதம் இன்றும் தொடர்கிறது. பாடத்திட்டத்தைச் சுமக்கும் விதியேடு ஒரு பனுவலாக வாசிக்கப்படுவது அரிது. மாணவரின் மூன்றாண்டுகளை நேரடியாக ஆள்வது அவ்வேடே ஆதலின், இக்கட்டுரை அதனை ஓர் இலக்கியப் பனுவலை வாசிக்கும் கவனத்தோடு அணுகுகிறது. வாதத்தைத் தெளிவாக்க ஓர் எடுத்துக்காட்டு மாணவி கற்பனையாகக் கொள்ளப்படுகிறார். அவர் மண்ணரையில் வசிப்பவர். ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிப் படியேறுபவர்.

2. கலந்தாய்வு என்னும் சொல்

கலந்து ஆய்தல் என்னும் தொடர் இருவர் கூடிப் பேசி ஒரு முடிவை எட்டுவதைக் குறிக்கும். தமிழ்நாட்டு உயர்கல்வி வழக்கில் கலந்தாய்வு என்பது இடம் ஒதுக்கும் நாளைக் குறிக்கிறது. தரவரிசைப்படி பெயர் அழைக்கப்படும். எஞ்சியுள்ள பாடப்பிரிவுகள் சொல்லப்படும். மாணவர் ஒன்றை ஏற்பார் அல்லது விலகுவார். அங்கே கலத்தலும் இல்லை, ஆய்தலும் இல்லை. ஆங்கிலத்தில் ஆற்றுப்படுத்தலைக் குறித்த சொல்லுக்கு இணையாகப் புழக்கத்திற்கு வந்த இச்சொல், தமிழில் ஒதுக்கீட்டைக் குறிப்பதாகச் சுருங்கியது. சொல் இருப்பதனாலேயே அச்செயலும் நடந்துவிட்டது என்னும் மயக்கம் நிறுவனத்திற்கும் பெற்றோருக்கும் ஒருங்கே ஏற்படுகிறது.

அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கையில் இளங்கலைத் தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் தனித்தனித் தரவரிசை உண்டு. ஆங்கிலப் பாடப்பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலத் தாளின் மதிப்பெண்ணே அளவுகோல். மேலோட்டமாகப் பார்த்தால் இது பொருத்தமான ஏற்பாடு. எனினும் அத்தாள் பாடநூல் வினாக்களை மையமிட்டது. பயிற்சி விடைகளை நினைவிற்கொண்டு நல்ல மதிப்பெண் பெற இயலும். அம்மதிப்பெண் மாணவரின் உழைப்புக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. பதினாறாம் நூற்றாண்டு நாடகத்தைத் தாமே வாசித்து ஆங்கிலத்தில் கட்டுரை வரையும் ஆற்றலுக்கு அது சான்றாகாது. எடுத்துக்காட்டு மாணவி வணிகவியலை நாடி வந்து, இடம் நிரம்பிவிட்டதால் ஆங்கிலத்தை ஏற்றவராகவும் இருக்கலாம். அந்த ஏற்பின் பொருளைச் சொல்வதற்கு வரிசையில் நிற்கும் சில நிமிடங்கள் போதா.

மாநில அரசு இவ்விடைவெளியை உணராமல் இல்லை. 2022 மார்ச் 1 இல் தொடங்கப்பட்ட நான் முதல்வன் திட்டத்தின் பகுதியாகக் கல்லூரிக் கனவு என்னும் பெயரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோருக்கு வழிகாட்டு நிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன. கல்லூரிக்கு வரத் தயங்குவோரை வரவழைப்பதில் அவற்றின் பயன் பெரிது. அதே 2022 இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கி அவர்களைக் கல்லூரியில் தக்கவைக்கிறது. வரவழைக்கவும் தக்கவைக்கவும் திட்டங்கள் உள்ளன. வந்தவர் உள்ளே எவ்வழியே நடப்பது என்பதற்கான திட்டமே எஞ்சி நிற்கும் வெற்றிடம்.

3. விதியேடு எதைச் சொல்கிறது

1982 இல் நிறுவப்பட்ட பாரதியார் பல்கலைக்கழகத்தின் இணைவுபெற்ற கல்லூரிகளுள் திருப்பூர்ச் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும் எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கலைக் கல்லூரியும் அடங்கும். இப்பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் படிப்பு ஐந்து பகுதிகளாலானது. பகுதி ஒன்று தமிழ் அல்லது பிறமொழி. பகுதி இரண்டு பொது ஆங்கிலம். பகுதி மூன்று முதன்மைப் பாடங்கள், சார்புப் பாடங்கள், விருப்பப்பாடங்கள். பகுதி நான்கு சுற்றுச்சூழல், விழுமியக் கல்வி, திறன்சார் தாள்கள் முதலியன. பகுதி ஐந்து நாட்டுநலப்பணி, விளையாட்டு போன்ற விரிவாக்கச் செயல்கள். ஆறு பருவங்களில் 140 தகுதிப்புள்ளிகளை ஈட்டினால் பட்டம் என்பது நெடுநாளைய நடைமுறை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம் மூன்றாண்டுப் பட்டத்திற்கு 120 புள்ளிகளை வரையறுத்ததோடு ஒப்பிட்டால், இங்குள்ள மாணவர் சுமப்பது கூடுதல் என்பது விளங்கும்.

இந்தப் புள்ளிகளைத் தாள்வாரியாகப் பகுத்துக்காட்டும் தேர்வுத்திட்ட அட்டவணையே மாணவர் கையில் முதலில் சேரும் ஆவணம். அதன் பத்திகள் வாரப் பாடவேளை, தேர்வு நேரம், அகமதிப்பீடு, பல்கலைக்கழகத் தேர்வு மதிப்பெண், மொத்தம், தகுதிப்புள்ளி என அமைகின்றன. ஒவ்வொரு தாளும் எத்தனை மணிநேரம், எத்தனை மதிப்பெண் என்பது ஐயத்திற்கு இடமின்றித் தெரிகிறது. ஒரு தாள் மற்றொன்றோடு எவ்வாறு தொடர்கிறது, எதற்கு அடித்தளமாகிறது என்பதற்கு அங்கே பத்தி இல்லை. அண்மைப் பாடத்திட்டங்களில் ஒவ்வொரு தாளுக்கும் கற்றல் விளைவுகள் எழுதப்பட்டு, அவை பட்டத்தின் பொது விளைவுகளோடு எழுத்துக் குறியீடுகளால் பொருத்திக் காட்டப்படுகின்றன. அக்கட்டங்கள் மதிப்பீட்டுக் குழுவை நோக்கி எழுதப்பட்டவை. முதற்பருவ மாணவரை முன்னிலையாகக் கொண்ட ஒரு வாக்கியம்கூட அவற்றில் இல்லை. ஆங்கில இலக்கியம் பயிலவரும் மாணவருக்கு ஆங்கிலத்தில் மட்டுமே அச்சாகும் ஆவணம் இயல்பானது எனலாம். அந்த ஆவணத்தைப் புரிந்துகொள்ளும் மொழித்திறத்தைப் பெறுவதற்காகவே அவர் வந்திருக்கிறார் என்பதையும் மறத்தலாகாது.

4. எழுவாய் யார்?

விருப்பத் தெரிவு அடிப்படையிலான தகுதிப்புள்ளி முறை என்பது இக்கல்வியின் அதிகாரப்பூர்வப் பெயர். தெரிவு என்னும் வினைக்கு எழுவாய் வேண்டும். பாரதியார் பல்கலைக்கழகத் தேர்வுத்திட்டங்களில் முதன்மைப் பாடத்திற்குரிய விருப்பப்பாடங்கள் மூன்று தொகுதிகளாகத் தரப்படுவதுண்டு. ஒவ்வொரு தொகுதியிலும் சில தாள்கள் இருக்கும். அப்பட்டியலின் தலைப்பிலேயே இவற்றுள் ஒன்றைக் கல்லூரிகள் தேர்ந்துகொள்ளலாம் என்னும் குறிப்பு இடம்பெறுவது வழக்கம். இக்குறிப்பில் எழுவாய் கல்லூரி. மாணவர் அவ்வாக்கியத்தில் எவ்வேற்றுமையிலும் இடம்பெறவில்லை. கல்லூரி தெரிந்த தாளை மாணவர் எழுதுகிறார். அவருடைய மதிப்பெண் பட்டியலில் அது விருப்பப்பாடம் எனப் பதிவாகிறது. தாம் விரும்பாத ஒன்று தம் விருப்பமாக ஆவணப்படுவதை அவர் அறியவும் வாய்ப்பில்லை.

பகுதி நான்கிலும் இதே நிலை காணப்படுகிறது. பள்ளியில் தமிழ் பயிலாதவர்க்கு அடிப்படைத் தமிழ், பள்ளியில் தமிழ் பயின்று கல்லூரியில் வேறுமொழி எடுத்தவர்க்குச் சிறப்புத் தமிழ் என அமைந்தபின், ஏனையோர்க்கு உரியது பிறதுறை விருப்பப்பாடம். நெடுங்காலம் இவ்விடத்தில் யோகம், பெண்ணுரிமை, பொது அறிவு போன்ற ஓரிரு தாள்களே வைக்கப்பட்டிருந்தன. பிறதுறைப் பாடம் என்னும் கருத்து, ஆங்கில மாணவர் வணிகவியல் துறைக்கோ கணினித் துறைக்கோ சென்று ஒரு தாளைக் கற்றுவருவதை எண்ணி உருவானது. ஏற்றுமதி ஆவணங்களைப் பற்றிய ஒரு தாளை வணிகவியல் துறையில் கற்கும் வாய்ப்பு, திருப்பூரின் ஆங்கில மாணவருக்கு எத்துணைப் பயன்தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. விதி அதற்கு இடம் தருவதுபோல் தோன்றுகிறது, நடைமுறை தருவதில்லை.

கல்லூரிகள் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு தாளுக்கு ஒரு வகுப்பு, ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்னும் கணக்கில் மூன்று தாள்களை ஒருங்கே நடத்தப் போதிய ஆசிரியர் இல்லை. அரசு கல்லூரிகளில் பல வகுப்புகள் கௌரவ விரிவுரையாளர்களைச் சார்ந்து நடக்கின்றன. எனவே தெரிவு சுருங்குவது தவிர்க்க இயலாததாக இருக்கலாம். ஆனால் சுருங்கிய தெரிவைத் தெரிவு என்றே அழைப்பது வேறு குற்றம். மாணவர்க்குத் தெரிவு இல்லை என்பது ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், துறை தாம் செய்த தெரிவுக்குக் காரணம் கூறும் கடமைக்கு உள்ளாகியிருக்கும். பெயரளவிலான விருப்பம் அக்கடமையிலிருந்து அனைவரையும் விடுவித்துவிடுகிறது.

5. சொல்லப்படாத விளைவுகள்

வழிகாட்டல் இன்மை என்பது மனநிறைவு சார்ந்த குறை மட்டுமன்று. அதன் விலையை மூன்று எடுத்துக்காட்டுகளால் அளக்கலாம்.

முதலாவது, தமிழ்வழி இட ஒதுக்கீடு. தமிழ்வழியில் பயின்றோர்க்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை வழங்கும் சட்டம் 2010 இல் இயற்றப்பட்டது. 2020 இல் செய்யப்பட்ட திருத்தம், பணிக்கு விதிக்கப்பட்ட கல்வித்தகுதி வரை, பள்ளிப்படிப்பும் உட்பட, தமிழ்வழியிலேயே பயின்றிருக்க வேண்டும் என வரையறுத்தது. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட தொகுதி 4 பணிகளுக்கு எடுத்துக்காட்டு மாணவியின் உரிமை அப்படியே நிற்கும். பட்டத்தைத் தகுதியாகக் கொண்ட தொகுதி 2 போன்ற பணிகளில், ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்த நாளிலேயே அவர் அம்முன்னுரிமையை இழந்துவிடுகிறார். அதே கல்லூரியில் வரலாற்றைத் தமிழ்வழியில் பயிலும் தோழிக்கு அது நிலைக்கிறது. ஆங்கிலத்தைத் தெரிவுசெய்வது தவறு என்பது இதன் பொருளன்று. பன்னிரண்டு ஆண்டு தமிழ்வழிக் கல்வியால் ஈட்டிய ஓர் உரிமையை விடுகிறோம் என்பதை அறிந்து விடுவது வேறு, அறியாமல் விடுவது வேறு. கலந்தாய்வு நாளில் இதை ஒருவர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட இயலும்.

இரண்டாவது, ஆசிரியர் தகுதித் தேர்வு. ஆங்கிலம் பயில்வோரில் பலர் பள்ளி ஆசிரியப் பணியை இலக்காகக் கொண்டவர்கள். அவர்கள் எழுதவேண்டிய இரண்டாம் தாள் 150 மதிப்பெண் கொண்டது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் முதலிய முதல்மொழி 30, ஆங்கிலம் 30. எஞ்சிய 60 மதிப்பெண் கணிதம், அறிவியல் அல்லது சமூக அறிவியல் சார்ந்தது. ஆங்கிலப் பட்டதாரி தம் முதன்மைப் பாடத்தில் 30 மதிப்பெண்ணுக்கும், தாம் கல்லூரியில் முதன்மையாகப் பயிலாத ஒரு துறையில் 60 மதிப்பெண்ணுக்கும் விடையளிக்க வேண்டும். இதை இரண்டாம் பருவத்தில் அறிந்தவர் பள்ளிச் சமூக அறிவியல் நூல்களைக் கைவிடமாட்டார். ஆங்கில இலக்கியத்தின் சார்புப் பாடமாக இங்கிலாந்தின் சமூக வரலாற்றை வைக்கும் மரபு இலக்கியப் பின்புலத்தை விளக்குவதற்குத் தேவையானதே; எனினும் அதனை வரலாறு படித்ததாகக் கொண்டு இத்தேர்வை எதிர்கொள்ள இயலாது என்பதை எவரேனும் சொல்லவேண்டும்.

மூன்றாவது, தேர்ச்சிக்கும் தகுதிக்கும் இடையிலான வேறுபாடு. பட்டத்திற்கு 40 விழுக்காடு தேர்ச்சி போதும். 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகியுள்ள கல்வியியல் பட்டத்தில் சேர இளங்கலையில் பொதுப் பிரிவினர் 50 விழுக்காடும் பிற்படுத்தப்பட்டோர் 45 விழுக்காடும் பெற்றிருக்க வேண்டும். தேசியத் தகுதித் தேர்வுக்கோ முதுகலையில் பொதுப் பிரிவினர்க்கு 55 விழுக்காடு தேவை. தேர்ச்சி பெற்றால் போதும் என்று ஒன்றரை ஷிப்ட் பகுதிநேர வேலைக்கிடையே படிப்பவர், தம் மதிப்பெண் எந்தக் கதவைத் திறந்து எதை மூடுகிறது என்பதைப் பட்டம் பெற்ற பின்னரே அறிகிறார். அப்போது திருத்திக்கொள்ளும் வழி குறுகிவிடுகிறது.

இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. 2021 டிசம்பர் அரசாணைப்படி மாநிலப் பணித்தேர்வுகளில் தமிழ்மொழித் தகுதித்தாள் கட்டாயம். அதில் குறைந்தது 40 விழுக்காடு பெறவேண்டும். பகுதி ஒன்றின் தமிழைச் சுமையாகக் கருதும் ஆங்கில மாணவருக்கு, அந்நான்கு பருவங்களே பணித்தேர்வின் வாயிற்படி என்பதை எடுத்துரைப்பதும் வழிகாட்டலின் பகுதியே.

6. பனியன் தொழிலும் இலக்கியப் பாடமும்

திருப்பூர் வட்டாரத்தில் ஆங்கிலப் பட்டதாரிக்கு அருகிலுள்ள வேலை மெர்ச்சண்டைசர் பணி. வெளிநாட்டு வாங்குநரின் மின்னஞ்சலைப் படித்து, டெக் பேக்கில் உள்ள அளவும் துணியும் நிறமும் தையலும் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைக் கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் எனப் பல பிரிவினர்க்கும் தமிழில் விளக்கி, சாம்பிளுக்கு ஒப்புதல் பெற்று, சரக்கு ஏறும் நாளைக் காப்பது இப்பணி. ஓர் அளவைத் தவறாகப் படித்தால் ஆர்டர் முழுதும் திரும்பக்கூடும். இப்பணிக்கு இலக்கியம் பயனற்றது என்பது பொதுக்கருத்து. பாடத்திட்டத்தில் திறன்சார் தாள்களைக் கூட்டுவதற்கும் அக்கருத்தே காரணம்.

இங்கு ஒரு மறுபரிசீலனை தேவைப்படுகிறது. மெர்ச்சண்டைசர் அன்றாடம் செய்வது மொழிபெயர்ப்பு. ஒரு சொல்லின் இருபொருளைக் கண்டறிதல், சொல்லாமல் விடப்பட்டதைக் கேட்டுத் தெளிதல், எழுதியவரின் தொனியை உணர்ந்து விடையெழுதுதல் ஆகியவை நெருங்கிய வாசிப்பால் கைவருபவை. கவிதைத் தாளும் நாடகத் தாளும் வழங்கவேண்டிய பயிற்சி இதுவே. அத்தாள்கள் வினா-விடைக் குறிப்பேடுகளின் வழியே கடந்துசெல்லப்படுவதால் அப்பயிற்சி நிகழாமல் போகிறது. இலக்கியத்தைக் குறைத்துத் தொழில்திறனைக் கூட்டுவது இக்குறைக்கு மருந்தாகாது. குறிப்பேட்டின் வழியே தொழில்திறன் தாளையும் கடந்துவிடலாம். இலக்கியத்தில் எதைக் கற்கிறோம், அது எங்கெல்லாம் பயன்படும் என்பதை மாணவர் அறிந்து கற்பதே வேண்டற்பாலது. தமிழில் வலுவான அடித்தளம் கொண்ட தமிழ்வழி மாணவி, மொழிபெயர்ப்புத் தாளில் ஏனையோரைவிட முன்னிற்கக்கூடியவர். அவருடைய தமிழ் ஒரு குறையாகவே வகுப்பறையில் நடத்தப்படும்வரை, அந்த வாய்ப்பு அவர் கண்ணில் படாது.

7. பதிவேடும் உரையாடலும்

கல்விசார் வழிகாட்டல் மேலைப் பல்கலைக்கழகங்களில் தோன்றிய வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைமையை 1869 இல் ஏற்ற சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களைக் குறைத்து விருப்பப்பாட முறையை விரிவாக்கினார். தெரிவு பெருகியதும் மாணவர் தடுமாறினர். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே ஹார்வர்டிலும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும் வழிகாட்டி ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். தெரிவும் வழிகாட்டலும் அங்கே இரட்டைப் பிறவிகள். தமிழ்நாட்டிற்கு வந்தது அவ்விரண்டுமல்லாத தகுதிப்புள்ளிக் கணக்கு மட்டுமே. தெரிவு பெயராக வந்தது. வழிகாட்டல் பெயராகவும் வரவில்லை.

தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவின் வருகையால் வழிகாட்டி ஆசிரியர் முறை கல்லூரிகளில் பரவியுள்ளது என ஒருவர் மறுக்கலாம். ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்னும் விகிதத்தை அக்குழு கேட்டதும், அதற்கெனப் பதிவேடுகள் உருவானதும் உண்மை. 2019 இல் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட தீக்ஷாரம்பம் என்னும் புதுமுக மாணவர் வரவேற்புக் கையேடும் இத்திசையிலான முயற்சியே. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால் விகிதம் என்பது எண். பதிவேட்டில் வருகைக் குறைவு, கட்டண நிலுவை, பெற்றோர் சந்திப்பு ஆகியவை பதிவாகின்றன. 75 விழுக்காடு வருகை இல்லை என்பதை எச்சரிப்பது கண்காணிப்பு. ஏற்றுமதிப் பருவத்தில் இரவு வேலைக்குச் செல்வதால் வருகை குறைகிறது என்பதைக் கேட்டறிந்து, எந்தப் பருவத்தில் எந்தச் சுமையைத் தாங்கலாம் எனத் திட்டமிட உதவுவது வழிகாட்டல். இரண்டும் ஒரே பதிவேட்டில் ஒரே கையொப்பத்தால் நிறைவடைவதாகக் கருதுவதே இன்றைய சிக்கல்.

ஆசிரியரின் பணிச்சுமை இங்கும் தடையாகச் சுட்டப்படும். அத்தடை மெய்யானது. ஆகவேதான் வழிகாட்டல் தனிமனித நல்லெண்ணமாக விடப்படாமல் பாடவேளைக் கணக்கில் ஏறவேண்டும். பகுதி நான்கிலும் ஐந்திலும் எத்தனையோ செயல்களுக்குப் புள்ளி வழங்கும் அமைப்பு, பருவத்திற்குச் சில மணிநேரத்தை இதற்கு ஒதுக்குவது இயலாததன்று. தன்னார்வத்தால் மாணவரை அமர்த்திப் பேசும் ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கின்றனர். அவர்கள் பணி மாறிச் சென்றதும் அவ்வழக்கம் முடிந்துபோவது, அது விதியாகாமையின் விளைவு.

8. செய்யத்தக்கவை

மேற்கண்ட வாசிப்பிலிருந்து நான்கு கருத்துகள் பெறப்படுகின்றன. ஒன்று, சேர்க்கை நாளுக்கு முன்பே பாடப்பிரிவுதோறும் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு வழங்கப்படவேண்டும். பயிற்றுமொழி, தமிழ்வழி முன்னுரிமையின் நிலை, அடுத்துச் செல்லக்கூடிய படிப்புகளின் மதிப்பெண் வரம்பு ஆகியவை அதில் இருத்தல் போதும். இரண்டு, விருப்பப்பாடத்தைக் கல்லூரியே தெரிவுசெய்ய நேர்ந்தால், நான்காம் பருவ இறுதியில் மாணவர் கருத்தைக் கேட்டு, துறை தன் முடிவின் காரணத்தை எழுத்தில் அறிவிக்கவேண்டும். மூன்று, பிறதுறை விருப்பப்பாடத்தை வட்டாரத் தொழிலோடும் பிற துறைகளோடும் உண்மையாகவே இணைக்கவேண்டும். நான்கு, முதலாண்டு முடிவிலும் ஐந்தாம் பருவத் தொடக்கத்திலும் ஒவ்வொரு மாணவரோடும் தனி உரையாடல் நிகழவேண்டும். அதற்குரிய நேரம் ஆசிரியரின் பணிநேரமாகக் கணக்கிடப்படவேண்டும். இவற்றுள் முதலிரண்டிற்குப் புதிய பணியிடமோ நிதியோ தேவையில்லை. 2023 இல் தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் வகுத்தபோது தாள்களின் ஒப்புமை பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, அத்தாள்களை மாணவர்க்கு விளக்கும் முறை பேசப்பட்டிருந்தால் இக்குறை பெரிதும் நீங்கியிருக்கும்.

9. முடிவுரை

இளங்கலை ஆங்கில இலக்கியப் படிப்பின் விதியேடு மாணவரிடம் கேட்பவற்றை முழுமையாகச் சொல்கிறது. மாணவருக்குத் தரவேண்டியதைச் சொல்லாது விடுகிறது. விருப்பம் என்னும் சொல்லில் விருப்பமும், கலந்தாய்வு என்னும் சொல்லில் கலத்தலும் இல்லாமையை இக்கட்டுரை எடுத்துக்காட்டியது. நகர்ப்புற நடுத்தரக் குடும்பத்து மாணவருக்கு இவ்வெற்றிடத்தை வீடு நிரப்பிவிடுகிறது. படித்த பெற்றோரும் உறவினரும் அவருக்கு வழிகாட்டிகள். மண்ணரையின் முதல் தலைமுறை மாணவிக்கு அத்தகைய வீடு இல்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் விளைவு வேறாவது இதனால்தான். ஒரு ஆர்டரைக் கையிலெடுக்கும் மிகச்சிறிய பனியன் கம்பெனியும், துணியில் கத்தரி படுமுன் அளவுச் சீட்டைப் படித்துக்காட்ட ஒருவரை அமர்த்திக்கொள்கிறது. மூன்றாண்டுகளைக் கையளிக்கும் மாணவிக்கு அந்த அளவேனும் செய்வது பல்கலைக்கழகத்தின் கடமையாகும்.